இரண்டு பேர், ஒரு சின்னப் பாய்மரப் படகு: லிமிங்டனிலிருந்து ஃபால்மத் வரை

இங்கிலாந்தின் தென்கரையில் லிமிங்டனில் கிளம்பி மேற்கே ஃபால்மத் வரை கணவன் மனைவி இரண்டு பேர் மட்டும் ஒரு சின்ன யாட்டில் போய்ச் சேர முடியுமா என்று கேட்டால், தாராளமாக முடியும். மொத்தம் சுமார் 175 கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். 26, 28 அடிப் படகு நல்ல காற்றில் மணிக்கு 5 கடல் மைல் போகும், அதைத்தான் 5 நாட் என்கிறோம். கணக்குப் பார்த்தால் 35 மணி நேரப் பயணம், ஆனால் அதை ஏழு துண்டாக வெட்டி, நடுவில் காற்று சரியில்லாத நாட்களுக்கும் இடம் விட்டு, மூன்று வாரம் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்திலும் முடியும், ஆனால் அப்போது தேதி உங்களைத் துரத்தும், போகக் கூடாத நாளில் போகத் தோன்றும். ஜூன் நல்ல மாதம், இரவு ஒன்பது மணிக்கு மேலும் வெளிச்சம் இருக்கும். ஆகஸ்ட் வரை தள்ளிப்போட்டால் தண்ணீர் கொஞ்சம் சூடாகும், துறைமுகங்களில் கூட்டமும் சேர்ந்தே வரும்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. இரண்டு பேர் போகும் படகில் ஒருவர் தூங்கப் போனாலோ, வாந்தியெடுத்துப் படுத்துவிட்டாலோ, தண்ணீரில் விழுந்துவிட்டாலோ மற்றவர் தனி ஆள். அந்த நிமிடத்தில் அவருக்கு என்ன தெரியுமோ அதுதான் இரண்டு பேரின் உயிரும். ஆகவே ஒருவர் கேப்டன், மற்றவர் கூட வந்தவர் என்ற ஏற்பாட்டோடு கிளம்பாதீர்கள். பல குடும்பங்களில் ஆண்தான் சுக்கானைப் பிடிப்பார், பெண் கயிற்றோடு ஓடுவார், சமைப்பார். இந்தப் பழக்கம் எனக்கு அறவே பிடிக்காது, பாதுகாப்பு என்ற ஒரே காரணத்துக்காகவே பிடிக்காது.

முதலில் படிப்பு, இருவருக்கும்

சொந்தமாக யாட் ஓட்ட பிரிட்டனில் சட்டப்படி உரிமம் தேவையில்லை. அதற்காகப் படிக்காமல் போகாதீர்கள். ராயல் யாட்டிங் அசோசியேஷன் வகுத்த ‘டே ஸ்கிப்பர்’ பயிற்சியில் இரண்டு பகுதி உண்டு: வரைபடம், ஓதம் (கடல்நீரின் ஏற்ற இறக்கம்), வானிலை எல்லாம் சொல்லித்தரும் வகுப்பு ஒன்று, ஐந்து நாள் படகிலேயே தங்கிச் செய்யும் பயிற்சி ஒன்று. வகுப்பைச் சேர்ந்து படியுங்கள். படகுப் பயிற்சிக்கு மட்டும் தனித்தனியாக, வேறு வேறு வாரத்தில் போங்கள். சேர்ந்து போனால் யாருக்கு முன்பே கொஞ்சம் தெரியுமோ அவரே சுக்கானுக்குப் போவார், மற்றவர் தானாகவே ஒதுங்கிவிடுவார், பயிற்சியாளர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இது நடக்கும்.

வி.எச்.எஃப் ரேடியோவுக்கு மட்டும் சான்றிதழ் கட்டாயம், ஒரே நாள் பாடம்தான். இதையும் இருவரும் எடுங்கள். படகின் ரேடியோ உரிமத்தை பிரிட்டனின் தகவல்தொடர்பு ஆணையமான ஆஃப்காம் இணையத்தில் இலவசமாகவே தருகிறது. ரேடியோவில் சிவப்பு பட்டன் ஒன்று மூடிக்குள் இருக்கும்: மூடியைத் திறந்து சில விநாடி அழுத்திப் பிடித்தால் படகின் அடையாள எண்ணும், ஜிபிஎஸ் இணைத்திருந்தால் இருக்கும் இடமும் கடலோரக் காவல்படைக்குப் போய்விடும். அப்புறம் 16ஆம் சேனலில் பேச வேண்டும். உயிர் ஆபத்து என்று உதவி கேட்கும் ‘மேடே’ அழைப்பைச் சொல்லும் முறையை, படகின் பெயரையும் சேர்த்து, பெரிய எழுத்தில் எழுதி ரேடியோவுக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். பதற்றத்தில் சொந்தப் படகின் பெயரே மறந்துபோகும்.

படகு

முதல் பயணத்துக்குப் புதுப் படகு வேண்டாம், பெரிய படகு வேண்டவே வேண்டாம். ஒருவர் தனியாகப் பாயை இறக்கிக் கட்ட முடிகிற அளவு போதும். இந்தக் கரையில் எங்கே பார்த்தாலும் நிற்கும் வெஸ்டர்லி சென்டார் மாதிரி ஒன்று: 26 அடி, 1969 முதல் 1980 வரை இரண்டாயிரத்துக்கும் மேல் கட்டினார்கள். வேகம் கிடையாது. ஆனால் அடியில் இரட்டைக் கீல், அதாவது கீழே நீண்டிருக்கும் இரண்டு கனத்த தகடுகள், இருப்பதால் தண்ணீர் வற்றினாலும் சேற்றில் நிமிர்ந்து உட்காரும், சத்திரத்துத் திண்ணை மாதிரி நிம்மதியாகத் தூங்கலாம். பழைய படகில் பணத்தைச் செலவழிப்பதானால் முதலில் எஞ்சினுக்கு, அடுத்து பாய்மரத்தைப் பிடித்து நிற்கும் கம்பிகளுக்கு, மூன்றாவதாக ஆட்டோபைலட்டுக்கு. மெத்தைத் துணி எல்லாம் அப்புறம். ஆட்டோபைலட் ஏன் என்றால் அது மூன்றாவது கை: ஒருவர் கீழே வரைபடம் பார்க்க, மற்றவர் பாயைச் சுருக்க, சுக்கானை அது பிடித்துக்கொள்ளும்.

லைஃப் ஜாக்கெட் இரண்டுக்கும் தொடைப்பட்டை இருக்கிறதா என்று பாருங்கள், அது இல்லாவிட்டால் தண்ணீரில் ஜாக்கெட் மேலே ஏறிவிடும், தலை கீழே போகும். விளக்கும், படகோடு பிணைக்கும் பட்டையும் வேண்டும். கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் படகின் அடியில் போய்த் தேங்கும், ஆகவே சமைத்து முடித்ததும் அடுப்பில் மட்டுமல்ல, சிலிண்டரிலேயே மூடுங்கள். சமையலுக்குப் பிரஷர் குக்கர் மாதிரி ஒரு பாத்திரம் கிடையாது, மூடி பூட்டிக்கொள்ளும், படகு எவ்வளவு சாய்ந்தாலும் கொட்டாது. கிளம்புவதற்கு முன்னாலேயே சாதமோ பொங்கலோ வைத்துக் கட்டிவிடுங்கள், கடலில் போய்க் காய் நறுக்கும் எண்ணம் வேண்டாம். கடல் மயக்கத்துக்கு மாத்திரை உண்டு, மருந்துக்கடையில் விசாரித்து முந்தின இரவே போட ஆரம்பிக்க வேண்டும், குமட்டல் வந்தபின் போட்டுப் பயனில்லை.

இரண்டு பேரும் மாறி மாறிப் பழக வேண்டியவை

சோலன்ட் என்பது வைட் தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவே உள்ள நீர்ப்பரப்பு. பழக இதைவிட நல்ல இடம் கிடையாது. லிமிங்டனிலிருந்து எதிர்க்கரை யார்மத் சுமார் 4 மைல்தான் (இங்கே மைல் என்றால் கடல் மைல்). சனிக்கிழமை காலை ஒருவர் பொறுப்பு, மதியத்துக்கு மேல் மற்றவர் பொறுப்பு. பொறுப்பில் இல்லாதவர் ஆபத்து வந்தாலொழிய வாயைத் திறக்கக் கூடாது. கஷ்டமான விதிதான், ஆனால் இது ஒன்று மட்டுமே உண்மையாகக் கற்றுத்தரும்.

படகைக் கட்டும்போதுதான் தம்பதிகள் அதிகம் சத்தம் போட்டுக்கொள்கிறார்கள், படகுகளைக் கட்டி நிறுத்தும் ஒவ்வொரு மெரினாவிலும் இது நடக்கிறது. அதற்கு நல்ல வழி உண்டு. படகின் நடுவில் உள்ள கொக்கியிலிருந்து ஒரே ஒரு கயிறு, அதை முதலில் மிதவை மேடையில் மாட்டிக் கட்டிவிட்டு, எஞ்சினை மெதுவாக முன்னே தள்ளவிடுங்கள். கயிறு இறுகி, சுக்கானை மேடைக்கு எதிர்ப்பக்கம் திருப்பினால் படகு மேடையோடு ஒட்டி அசையாமல் நிற்கும். அப்புறம் முன்கயிறு, பின்கயிறு எல்லாம் சாவகாசமாகக் கட்டலாம். யாரும் குதிக்க வேண்டாம். படகிலிருந்து மேடைக்கு எட்டி இறங்க முடியவில்லை என்றால் இன்னும் ஒருமுறை சுற்றி வாருங்கள். நங்கூரம் போடும்போதும் மிதவையைப் பிடிக்கும்போதும் உடல்பலம் தேவைப்படுவது முன்முனையில்தான், ஆகவே யாருக்குப் பலம் குறைவோ அவர் சுக்கானில் இருப்பதே சரி. சொற்களுக்குப் பதில் கைச்சாடை வைத்துக்கொள்ளுங்கள், எஞ்சின் சத்தத்தில் ஒன்றும் கேட்காது, கேட்காததால் குரல் உயரும், குரல் உயர்ந்தால் அன்றைய நாளே கெட்டுவிடும்.

இனி தண்ணீரில் விழுவது. இதைப் பற்றிப் பேசவே பலர் தயங்குகிறார்கள், நீங்கள் பேசியாக வேண்டும். ஜூனில் கூட இந்தக் கடல் 14 டிகிரிதான் இருக்கும், விழுந்த முதல் நிமிடம் மூச்சு தாறுமாறாக வாங்கும், அப்போது நீந்த முயலாமல் மிதக்க மட்டும் வேண்டும், நிமிடங்கள் போகப்போகக் கைவிரல்கள் உதவாது. படகில் மிஞ்சியிருப்பவர் செய்ய வேண்டியது: மிதவை வளையத்தை எறிவது, படகை உடனே காற்றுக்கு எதிராகத் திருப்பி நிறுத்துவது, சிவப்பு பட்டனை அழுத்துவது. மீட்க முடிகிறதா என்று பார்த்துவிட்டுக் கூப்பிடலாம் என்று காத்திருக்கவே கூடாது, முதலில் கூப்பிடுங்கள், மீட்டுவிட்டால் பிறகு ரேடியோவில் சொல்லிக்கொள்ளலாம். எஞ்சினைப் போடுமுன் தண்ணீரில் கயிறு எதுவும் தொங்கவில்லை என்று பாருங்கள், சுழலியில் சுற்றினால் எல்லாம் முடிந்தது. படகை அவருக்குப் பக்கத்தில் கொண்டுவருவது பாதி வேலை, நனைந்த உடையோடு ஓர் ஆளைத் தூக்குவது அதைவிடப் பெரிய பாதி. ஐம்பது கிலோ எடையுள்ளவர் எண்பது கிலோ ஆளைக் கையால் இழுக்கவே முடியாது. பாய் ஏற்றும் கயிற்றை வின்ச்சில் (கைப்பிடியால் சுற்றிக் கயிறு இழுக்கும் உருளை) சுற்றித் தூக்குவதா, கப்பித் தொகுதி வாங்கி வைப்பதா, தண்ணீருக்குள் நன்றாக இறங்கும் ஏணியா என்பதை மெரினாவில், அமைதியான நாளில், கோடை உடையில் இறங்கிப் பழகிப் பார்த்துத் தீர்மானியுங்கள். பழகிய பிறகு உங்களுக்கே தோன்றும், விழாமல் இருப்பதுதான் வழி என்று. ஒருவர் கீழே தூங்கும்போது மேலே இருப்பவர் பட்டையை மாட்டிக்கொண்டே இருக்க வேண்டும், அவர் இருக்கையை விட்டு முன்பக்கம் போவதானால் தூங்குகிறவரை எழுப்பிவிட்டுத்தான் போக வேண்டும். தூக்கம் கெடுகிறதே என்று பாவம் பார்க்காதீர்கள்.

நாளைத் தீர்மானிப்பது ஓதம்

இங்கே கடிகாரம் ஓதத்துடையது. இங்கிலீஷ் கால்வாயில் நீர் ஏறத்தாழ ஆறு மணி நேரம் மேற்கே ஓடும், அடுத்த ஆறு மணி நேரம் கிழக்கே. 2 நாட் நீரோட்டம் கூட வந்தால் உங்கள் 5 நாட் படகு 7 போகும், எதிர்த்தால் 3தான். அமாவாசை, பௌர்ணமி தாண்டி இரண்டு நாளில் ஓட்டம் மிக வேகமாக இருக்கும், அஷ்டமியைத் தாண்டினால் தணியும். காலண்டரைப் பார்த்து, கடினமான முனைகளை அஷ்டமியை ஒட்டிய நாட்களுக்கு வைத்துக்கொண்டால் பாதிக் கவலை போய்விடும். நீர்மட்டமும் இடத்துக்கு இடம் மாறும்: பூலில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் இரண்டு மீட்டருக்குள், பிளிமத்தில் பெருநீர் நாளில், அதாவது அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில், ஐந்து மீட்டரை நெருங்கும். நங்கூரச் சங்கிலியை நீர் ஏறியபின் இருக்கும் ஆழத்தைக் கணக்கிட்டு, அதற்கு நாலு மடங்காவது விட வேண்டும்.

காற்றும் நீரோட்டமும் எதிரெதிராக மோதினால் அலை செங்குத்தாக எழும். முன்னறிவிப்பில் காற்று 4 (இது நாட் அல்ல, காற்றின் பலத்தைச் சொல்லும் போஃபர்ட் அளவு) என்று மட்டும் பார்த்துக் கிளம்பாதீர்கள், நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்றும் பாருங்கள். வானிலைத் துறையின் கரையோர முன்னறிவிப்பில் உங்களுக்கு வேண்டியவை இரண்டு பகுதிகள்: செல்சி பில் முதல் லைம் ரீஜிஸ் வரை, லைம் ரீஜிஸ் முதல் லேண்ட்ஸ் எண்ட் வரை. புயல்காற்று எச்சரிக்கையில் ‘இம்மினென்ட்’ என்றால் ஆறு மணி நேரத்துக்குள், ‘சூன்’ என்றால் ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரத்துக்குள், ‘லேட்டர்’ என்றால் அதற்கும் பின்னால். முதல் பயணத்தில் இருவருக்கும் எங்கள் வரம்பு 4, எப்போதாவது 5. 6 என்ற எண் முன்னறிவிப்பில் எங்கே இருந்தாலும் அன்று துறைமுகத்திலேயே இருந்துவிடுவோம். 5 என்றால் பாயைத் துறைமுகத்திலேயே ஒரு மடிப்புச் சுருக்கிக்கொண்டு கிளம்பலாம், கடலில் அவிழ்ப்பது சுலபம், சுருக்குவதுதான் கஷ்டம்.

வழி

லிமிங்டனிலிருந்து வெளியே வந்ததும் ஹர்ஸ்ட் கோட்டைக்கும் வைட் தீவுக்கும் நடுவே ஒரு குறுகிய வாய். பெருநீர் நாளில் இங்கே 4 நாட்டுக்கு மேல் ஓடும். போர்ட்ஸ்மத்தின் உயர்நீருக்கு ஒரு மணி நேரம் முன்பே ஓட்டம் மேற்கே திரும்பிவிடும், நீரோட்ட வரைபடத்தில் அன்றைய நேரத்தைப் பார்த்து அதோடு கிளம்புங்கள். வாயைத் தாண்டினால் வலப்பக்கம் ஷிங்கிள்ஸ் என்ற கூழாங்கல் திட்டு, இடப்பக்கம் நீடில்ஸ் பாறைகள். தென்மேற்குக் காற்று பலமாக வீசி நீரும் வெளியே ஓடும் நாளில் இந்த இடம் மோசம், அன்று யார்மத்தில் தங்கிவிடுங்கள்.

பூல் வரை சுமார் 18 மைல். துறைமுக வாயில் சங்கிலியில் ஓடும் ஃபெர்ரி குறுக்கே போகும், அது நகர்ந்தால் காத்திருக்க வேண்டும். வாய்க்கு வெளியே ஸ்டட்லேண்ட் விரிகுடாவில் மேற்குக் காற்றுக்கு நல்ல மறைவு, ஆனால் அங்கே கடற்புல்லில் கடற்குதிரைகள் வாழ்கின்றன, 2019இல் பாதுகாப்பு மண்டலமாக அறிவித்தார்கள். நங்கூரம் புல்லை வேரோடு பிடுங்கும். நங்கூரம் போட வேண்டாம் என்று குறித்த பகுதியை விட்டு விலகி, புல்லைக் கெடுக்காத மிதவைகளைப் பயன்படுத்துங்கள், தயவுசெய்து.

அடுத்து வேமத், சுமார் 27 மைல். வழியில் செயின்ட் ஆல்பன்ஸ் முனையைக் கொஞ்சம் தள்ளிச் சுற்றுங்கள். லல்வொர்த்தில் ராணுவம் கடலைப் பார்த்துச் சுடும் பயிற்சித் தளம் இருக்கிறது, சுடும் நேரத்தை முன்பே வெளியிடுவார்கள், முந்தின நாளே பார்த்துக்கொள்ளுங்கள்.

வேமத்தில் நில்லுங்கள், ஓய்வெடுங்கள். இந்தப் பயணத்தின் உண்மையான பரீட்சை அடுத்த நாள்தான். போர்ட்லேண்ட் பில் என்பது கடலுக்குள் நீண்டிருக்கும் பாறைமுனை, நுனியில் 1906இல் கட்டிய வெள்ளைக் கலங்கரை விளக்கம், நடுவில் சிவப்புப் பட்டை. அதன் இரண்டு பக்கமும் நீர் பெரும்பாலான நேரம் தெற்கு நோக்கி ஓடி, கால்வாயின் பெரிய ஓட்டத்தோடு மோதுகிறது. கடலடியும் அங்கே திடீரென்று மேடாகிறது. ஆழத்தில் ஓடிவந்த தண்ணீர் மேட்டில் ஏறும்போது மேலே கொந்தளிக்கும். இதைத்தான் போர்ட்லேண்ட் ரேஸ் என்கிறார்கள். காற்றே இல்லாத நாளில் கூட அங்கே வெள்ளையாக உடையும் அலைகளைத் தூரத்திலிருந்தே பார்க்கலாம், சின்னப் படகுக்கு அது இடமில்லை. கரையை ஒட்டி ஓர் உள்வழி இருக்கிறது, மிகக் குறுகலானது, நேரம் அரை மணி பிசகினால் நேராக ரேஸுக்குள் தள்ளிவிடும், இறால்கூடு மிதவைகள் வேறு வழிநெடுக. உள்ளூர் ஆட்கள் போவதைப் பார்த்துப் பின்னால் போகாதீர்கள். முனையிலிருந்து தெற்கே 3 முதல் 5 மைல் விலகிச் சுற்றுங்கள். தூரம் கூடும், கூடட்டும்.

சுற்றியபின் லைம் விரிகுடா. வேமத்திலிருந்து டார்ட்மத் இப்படிப் போனால் 50 மைலுக்கு மேல், பத்துப் பதினோரு மணி நேரம். நடுவில் கரை கண்ணுக்கே தெரியாமல் போகும். மேற்கே டெவன் கரையை எட்டும்வரை, காற்று கரையை நோக்கி பலமாக அடிக்கும்போது பாதுகாப்பாக நுழையத்தக்க துறைமுகம் ஒன்றுகூட இல்லை, வெஸ்ட் பே, லைம் ரீஜிஸ் எல்லாம் சின்னவை. ஆகவே திரும்பி வருவதா, தொடர்வதா என்பதைப் போர்ட்லேண்டைத் தாண்டி ஒரு மணி நேரத்துக்குள் முடிவு செய்துவிட வேண்டும். யாருக்காவது மனசு ஒப்பவில்லை என்றால் திரும்புங்கள், காரணம் கேட்க வேண்டாம். இருவரில் ஒருவர் ‘வேண்டாம்’ என்றால் அதுவே முடிவு என்று கரையில் இருக்கும்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். விடியலில் கிளம்பி, இரண்டு இரண்டு மணி நேரமாக முறை மாற்றிக்கொள்ளுங்கள். தூக்கம் வராவிட்டாலும் முறை இல்லாதவர் கீழே போய்ப் படுக்கத்தான் வேண்டும், மாலை துறைமுகத்தில் நுழையும்போது ஒருவராவது தெளிவாக இருக்க அது ஒன்றே வழி. மேற்குக் காற்று முகத்துக்கு நேரே வந்து தாமதமானால் பிரிக்ஸம் இருக்கிறது, எந்த ஓதத்திலும் நுழையலாம்.

டார்ட்மத் வாய் மலைகளுக்கு நடுவே ஒளிந்திருக்கும், பக்கத்தில் வரும்வரை தெரியாது. கிழக்குப் பக்க மலைமேல் 1864இல் கட்டிய 24 மீட்டர் கல் கோபுரம் ஒன்று நிற்கிறது, அதைத் தேடுங்கள். உள்ளே நுழைந்ததும் காற்று நின்று ஆறு அமைதியாகும். இங்கே இரண்டு நாள் இருங்கள், ஆற்றில் மேலே டிட்டிஷம் வரை போய் வாருங்கள். இந்தக் கரையில் எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான்.

இனி துண்டுகள் சின்னவை, 20 மைலைச் சுற்றித்தான். சால்கம் போக ஸ்டார்ட் பாயிண்டை நீரோட்டத்தோடு சுற்ற வேண்டும். சால்கம் வாயில் மணல்திட்டு உண்டு. தெற்குக் காற்று பலமாக வீசும்போதோ வெளியிலிருந்து பெரிய அலை வரும்போதோ, அதிலும் நீர் வற்றும் நேரத்தில், அதைக் கடக்கவே கூடாது. 1916 அக்டோபரில் உதவிக்குப் போன சால்கம் உயிர்மீட்புப் படகே திரும்பும்போது இந்தத் திட்டில் கவிழ்ந்து 15 பேரில் 13 பேர் இறந்தார்கள். சந்தேகமாக இருந்தால் சால்கமைத் தாண்டி நேரே பிளிமத் போய்விடுங்கள், அது பெரிய அலைதடுப்புச் சுவர் உள்ள துறைமுகம், எந்த வானிலையிலும் நுழையலாம், கடற்படைக் கப்பல்களுக்கு மட்டும் விலகி வழிவிடுங்கள்.

ஃபோய்க்கு அடையாளம் கிரிபின் முனையில் 1832இல் கட்டிய சிவப்பு வெள்ளைக் கோபுரம். ஆற்றில் நடுவே மிதவையில் கட்டிக்கொள்ளலாம், மெரினாவை விடச் செலவு குறைவு. அங்கிருந்து டாட்மன் முனையைக் கொஞ்சம் விலகிச் சுற்றினால் ஃபால்மத். வாயின் நடுவில் பிளாக் ராக் பாறை இருக்கிறது, அடையாளக் கம்பத்தோடு. இரண்டு பக்கமும் வழி உண்டு, ஆனால் ஆழமான கிழக்கு வழியே புதியவர்களுக்குச் சரி. 1968இல் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் தனியாக, எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றக் கிளம்பியதும் 1969 ஏப்ரலில் திரும்பி வந்ததும் இந்த வாய் வழியாகத்தான், அவருடைய 32 அடி ‘சுஹைலி’ பம்பாயில் தேக்கில் கட்டிய படகு.

விடுப்பு தீர்ந்துவிட்டால் அவசரமாகத் திரும்பி வர வேண்டாம். தென்மேற்குக் காற்று அதிகம் வீசும் கரை இது, கிழக்கே திரும்புவது பொதுவாகச் சுலபம், ஆனால் சோர்வோடு செய்யத் தேவையில்லை. படகை ஃபால்மத்தில் ஒரு மிதவையில் விட்டுவிட்டு ட்ரூரோ வழியாக லண்டன் பேடிங்டனுக்கு ரயிலில் போய், சில வாரம் கழித்து வரலாம். விட்டுப் போகும்போது கேஸை சிலிண்டரில் மூடி, கடல்நீர் உள்ளே வரும் வால்வுகளை எல்லாம் மூடி, முன்பாயைக் காற்றில் பிரிந்துவிடாதபடி இறுக்கிச் சுற்றிக் கட்டுங்கள். மிதவைக் கயிறு உரசும் இடத்தில் பழைய குழாய்த் துண்டைப் போர்த்துங்கள். துறைமுக அலுவலகத்தில் உங்கள் இருவரின் தொலைபேசி எண்களையும் கொடுத்துவிட்டு வாருங்கள்.